நிறம் மாறாத காகிதம்



சிறுநீரில் சர்க்கரை உண்டோ என்று காட்டும் காகிதப் பட்டையை உங்களில் பலர் அறிவீர்கள். 1956-இல் அமெரிக்காவில் அறிமுகமான அப்பட்டையில் நொதிகள் ஊட்டப்பட்டிருக்கின்றன. சர்க்கரை பட்டவுடன் நிறம் மாறும். 2009-இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் இன்னும் ஒரு படி சென்றார்கள். இங்க்ஜெட் அச்சுப்பொறியைக் கொண்டு, மையை அச்சிடுவதுபோல் ஒரு நொதியைக் காகிதத்தில் அச்சிட்டார்கள். அது கெட்டுப்போகாதபடி, மணலின் முக்கியப் பொருளாகிய சிலிக்காவின் மெல்லிய படலங்களுக்கு நடுவே அதை வைத்தார்கள்.

அந்த நொதி நம்முடைய நரம்புகளிலும் வேலை செய்வது. பூச்சிக்கொல்லிகளில் பல அதைத்தான் முடக்குகின்றன. சோதிக்கவேண்டிய உணவின் சாற்றில் காகிதத்தை நனைத்து, பின்பு சாயப்பொருள் ஒன்றை நொதியிடம் சேரச் செய்கிறார்கள். உணவு சுத்தமாயிருந்தால் காகிதம் நீலமாகும். நஞ்சு இருந்தால் நொதி செயலற்றுப்போகும். நீலம் மங்கும், அல்லது தோன்றவே தோன்றாது. ஆம், அங்கே நிறம் மாறாதிருப்பதே எச்சரிப்பு.

இதை வாசித்தபோது என் குற்றம் என் முன் நின்றது. கடந்த மாதம் நம் இனயத்தில் ஒரு தாயாரின் வீட்டிற்கு ஜெபிக்கச் சென்றிருந்தேன். 2017 நவம்பரில் வீசிய ஒக்கிப் புயலில் அவர்களுடைய மகன் கடலிலிருந்து திரும்பவில்லை. அவன் புறப்பட்ட நாளில் வாசலில் நின்று சொன்ன வார்த்தைகளை அவர்கள் எப்போதும் சொல்வார்கள். முதன்முறை கேட்டபோது நானும் அழுதேன். இம்முறையோ கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அவர்கள் அதைக் கண்டுகொண்டார்கள். “ஐயா, உங்களுக்கு நேரமாச்சு. ஜெபம் பண்ணிட்டுப் போங்க” என்றார்கள்.

ஜெபித்தேன், வார்த்தைகள் சரியாகவே வந்தன. உள்ளே நிறம் மாறவில்லை.

பிரியமானவர்களே, இருதயத்தின் நொதியை முடக்குவது பெரும்பாவம் மட்டுமல்ல. பழக்கமும் அதைச் செய்யும். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தில், சூடுபட்டு மரத்துப்போன மனச்சாட்சியைக்குறித்து எச்சரிக்கிறார். நம் ஆண்டவரோ, லாசருவை எழுப்பப்போவதை அறிந்திருந்தும், அவன் கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார்.

மறுநாள் மாலை மீண்டும் சென்று அந்தத் தாயாரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் பாயை விரித்து, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்கள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இந்த வாரம் உங்கள் வீட்டில் யாருடைய பழைய துயரம் உங்களுக்குச் சலித்துப்போயிற்று? அவர்கள் அருகில் சற்று உட்காருங்கள்.

கர்த்தாவே, மரத்துப்போன எங்கள் இருதயங்களை மறுபடியும் உணர்வுள்ளவைகளாக்கும். ஆமென்.