சமைக்காமல் ஒளிர்பவை

சலவைத்தூளுக்கும் நைலான் வகைப் பொருள்களுக்கும் உதவக்கூடியது குளுக்காரிக் அமிலம். தாவரக் கழிவிலிருந்து எடுக்கத்தக்க 12 முக்கிய வேதிப்பொருள்கள் என்று 2004இல் அமெரிக்க எரிசக்தித் துறை வெளியிட்ட பட்டியலில் இதுவும் ஒன்று. இதை ஈ.கோலை பாக்டீரியாவைக் கொண்டு செய்ய வைப்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. ஆயிரக்கணக்கான திரிபுகளில் எது அதிகம் செய்கிறது? ஒவ்வொன்றாகக் கருவியில் ஏற்றி அளக்க என் ஆயுள் போதாது.

ஈ.கோலைக்கு குளுக்காரேட்டைத் தின்னத் தெரியும். அதனால் அதை உணரும் புரதமும் அதனிடம் உண்டு, பெயர் சிடிஏ-ஆர். அந்தப் புரதம் முடுக்கிவிடும் இடத்தில் ஜெல்லிமீனின் பச்சை ஒளிர் புரத மரபணுவைப் பொருத்தினோம். அமிலம் கூடக் கூட, நீல ஒளியில் செல் பச்சையாக மின்னும்.

தட்டு ஊற்றுவது, காலனி எடுப்பது எல்லாம் அக்கா. பதினோரு வருடமாக ஒப்பந்தப் பணி. "இனிமே அதுவே சொல்லிடும்னா நான் எதுக்கும்மா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

அக்காவுக்கு ஒரு பழக்கம். தட்டை வெல்வெட் துணியில் ஒற்றி, அதே அமைப்பில் இரண்டு தட்டுகளில் பதிப்பார்: ஒன்றில் மூலப்பொருளான இனோசிடால் இருக்கும், மற்றதில் இருக்காது. இந்த வெல்வெட் முறையை எஸ்தர் லெடர்பெர்க் தன் கணவர் ஜோஷுவாவோடு 1952இல் வெளியிட்டார். 1958இல் நோபல் பரிசு ஜோஷுவாவுக்குப் போனது. அது வேறு ஆய்வுக்கு என்று உடனே திருத்துவார்கள், திருத்தட்டும். லேம்டா வைரஸைக் கண்டுபிடித்தவரும் எஸ்தர்தான் என்பதை அதே வேகத்தில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இனோசிடால் இல்லாத தட்டிலும் சில காலனிகள் பளிச்சென்று ஒளிர்ந்தன. "அரிசியே போடல, இது எதை வச்சு சமைச்சுது?" என்றார் அக்கா. உணரி கெட்டுப்போய், அமிலமே செய்யாமல் ஒளிர்பவை அவை. எங்கள் துறையில் இவற்றுக்கு ஏமாற்றுக்காரர்கள் என்றே பெயர். பட்டியலில் முதல் இரண்டு இடங்களும் அவற்றுக்குத்தான் போயிருந்தன. கருவி ஒளியை மட்டுமே எண்ணும்.

கட்டுரை எழுதும்போது, "நன்றியுரையில போட்டுடலாம்" என்றார் மேற்பார்வையாளர். அந்தச் சோதனை இல்லாவிட்டால் இரண்டாம் படமே இல்லை என்று மூன்று முறை சொன்ன பிறகு இறங்கி வந்தார். ஆசிரியர் வரிசையில் அக்கா நான்காவது. தலைப்பெழுத்து என்ன போட என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "அம்மாவோடது போடும்மா" என்றார்.

ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது. புதுப்பிக்கும் கோப்பில் இன்னும் கையெழுத்தாகவில்லை.