ஞாயிற்றுக்கிழமை இல்லாத உத்தியோகம்

ரயில்வே உத்தியோகத்தில் இருப்பவனுக்கு வாரத்தில் ஓர் ஓய்வு நாள் உண்டு. ஆனால் அது ஞாயிற்றுக்கிழமையாகவே இருக்க வேண்டும் என்னும் நியதி இல்லை. வண்டிகள் எந்நாளும் ஓடுகின்றன. ஆகவே டிக்கெட் சாளரமும் எந்நாளும் திறந்திருக்க வேண்டும். கிறிஸ்தவக் குடும்பத்திலிருந்து இவ்வுத்தியோகத்திற்கு வருகிறவர்கள் இதனை அறிந்தேதான் வருகிறோம். எனினும், ஞாயிறு காலை ஷிப்டில் அமர்ந்து தௌண்டுக்கும் லோணாவளாவுக்கும் சீட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கையில், நம் சபையார் ஆராதனைக்குக் கூடும் நேரம் இதுவென்ற நினைவு வராமல் இருப்பதில்லை.

ஞாயிறு விடுமுறையை வெள்ளைக்காரர் தாமாகவே நமக்கு அளித்துச் சென்றார் என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். ஆலைத் தொழிலாளரைப் பொறுத்தவரை அது உண்மையன்று. இந்தப் புனே நகரில் ஜோதிராவ் புலே 1873ஆம் ஆண்டு தோற்றுவித்த சத்தியசோதக் சமாஜத்தைச் சேர்ந்த நாராயண் மேகாஜி லோகண்டே என்பவர், பம்பாய் ஆலைத் தொழிலாளரைத் திரட்டி, 1884இல் சுமார் 5,500 பேர் கையொப்பமிட்ட விண்ணப்பம் ஒன்றைச் சமர்ப்பித்தார். வாரம் ஒரு நாள், அதுவும் ஞாயிறு, ஓய்வு வேண்டும் என்பது அதில் முதன்மையான கோரிக்கை. ஆலை முதலாளிகள் அதற்கு இசைந்தது 1890 ஜூன் 10ஆம் நாள். ஞாயிறு மராட்டியக் குடியானவர் போற்றும் கண்டோபாவின் நாள் என்பதும் அவர்கள் கூறிய காரணங்களுள் ஒன்று. நாம் கர்த்தருடைய நாள் என்று அனுபவிக்கும் ஓய்வில் கண்டோபா பக்தர்களின் பாடும் கலந்திருக்கிறது!

இச்செய்தியை என்னுடன் வேலை பார்க்கும் மராட்டிய நண்பரிடம் ஒருநாள் கூறினேன். அவர் சிரித்துவிட்டு, "அப்படியானால் வருகிற ஞாயிறு ஓய்வு எனக்கு, நான் ஜேஜூரிக்குப் போக வேண்டும்" என்றார். கொடுத்தேன். விநாயகர் விசர்ஜன நாளிலும் தீபாவளியிலும் நான் அவர் ஷிப்டைப் பார்ப்பேன். பெரிய வெள்ளியன்றும் கிறிஸ்துமஸ் அன்றும் அவர் என்னுடையதைப் பார்ப்பார். இவ்வுடன்படிக்கை எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. ஆனாலும் இது எங்களிடையே ஒருமுறையும் பிசகியதில்லை.

"செய்யும் தொழிலே வழிபாடு, கோயிலுக்குப் போய்த்தான் ஆக வேண்டுமா?" என்று சிலர் கேட்கிறார்கள். கேட்பதற்கு இனிமையான வாதம். எனக்கு அது முழு நிறைவு தருவதில்லை. சில்லறையைச் சரியாக எண்ணிக் கொடுப்பதும், எழுத்தறியாத கிழவிக்கு எந்த நடைமேடை என்று பொறுமையாகச் சொல்வதும் என் கடமை. கடமையைச் செய்துவிட்டதனால் ஜெபத்தையும் செய்ததாகக் கணக்கெழுதிக்கொள்வது நேர்மையாகத் தோன்றவில்லை.

இவ்விஷயத்தில் எனக்கு வழிகாட்டுவது நம் மாவட்டத்திலேயே இருக்கும் கேட்காவ். தௌண்ட் மார்க்கத்தில் அது ஒரு சிறிய நிலையம். பண்டித ரமாபாய் அம்மையார் அங்கேதான் முக்தி இல்லத்தை அமைத்தார். 1896-97ஆம் ஆண்டுப் பஞ்சத்திலும் 1900ஆம் ஆண்டுப் பஞ்சத்திலும் ஆதரவற்ற பெண்களையும் குழந்தைகளையும் நூற்றுக்கணக்கில் அங்கே சேர்த்துக் காத்தார். சோறு போட்டதோடு அவர் நிற்கவில்லை. நெசவு, எண்ணெய் ஆட்டுதல், பயிர்த்தொழில், அச்சுவேலை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு தொழிலைக் கற்பித்தார். எபிரேயமும் கிரேக்கமும் பயின்று வேதாகமத்தை எளிய மராட்டியில் மொழிபெயர்த்தார். அதற்கு எழுத்துக் கோத்தவர்கள் அவ்வில்லத்துப் பெண்களே. வேலையை முடித்துவிட்டு 1922 ஏப்ரல் 5ஆம் நாள் அம்மையார் மறைந்தார். முழு வேதாகமம் 1924இல் வெளிவந்தது. அங்கே தறிக்கும் வேளை இருந்தது, ஜெபத்திற்கும் வேளை இருந்தது. ஒன்றைக் காட்டி மற்றொன்றை விட்டுவிடவில்லை. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை ஒருமுறை அங்கே அழைத்துச் செல்லுங்கள்.

நம் தமிழ்நாட்டு முன்சீப் வேதநாயகம் பிள்ளை அவர்களையும் நினைத்துக்கொள்கிறேன். குளத்தூரில் 1826இல் பிறந்த அப்பெரியார், திருச்சிராப்பள்ளிக் கோர்ட்டில் தஸ்தாவேஜுகளைக் காக்கும் உத்தியோகத்தில் தொடங்கியவர். அதாவது, எம்மைப் போன்ற குமாஸ்தா. பின்னர் தரங்கம்பாடியிலும் சீர்காழியிலும் மாயூரத்திலும் முன்சீப்பாக இருந்தார். தீர்ப்பெழுதிய அதே கை 1879இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தையும், சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளையும், தேவமாதா அந்தாதியையும் எழுதியது. அவருக்கு ஞாயிறு விடுமுறை இருந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

எங்கள் வீட்டில் இப்பொழுது நடக்கும் ஆலோசனையையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு விடுமுறையுள்ள ஆபீஸ் வேலை ஒன்றிற்கு விண்ணப்பம் கேட்டிருக்கிறார்கள். அதற்குப் போனால் இரவுப்பணிப் படி நின்றுபோகும். மூத்த மகளின் பள்ளிச் சம்பளம் பெரும்பாலும் அந்தப் படியிலிருந்தே போகிறது. கணக்கை மூன்று முறை போட்டுப் பார்த்தேன், இடிக்கத்தான் செய்கிறது. என் மனைவி, "பணம் குறைந்தால் தையலைக் கொஞ்சம் கூட்டிக்கொள்கிறேன். பள்ளியில் மராட்டியும் இங்கிலீஷும் போதும் போதும் என்று கேட்கிறார்கள். ஆறு நாளும் நீங்கள் ஒரு வேளை, பிள்ளைகள் ஒரு வேளை. எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து தமிழில் ஜெபம் கேட்க அந்த ஒரு நாள்தானே இருக்கிறது?" என்றாள். அவள் கூறியதில் வழிபாடு மட்டுமன்று, நம் மொழியும் அடங்கியிருக்கிறது. இவ்வூரில் பிறந்த பிள்ளைகள் பெரியோர் பேசும் நல்ல தமிழைத் தொடர்ந்து ஒரு மணி நேரம் கேட்கும் இடம் ஆலயத்தைத் தவிர வேறெது?

விண்ணப்பத்தைச் சென்ற வாரம் கொடுத்துவிட்டேன். கிடைக்குமோ கிடைக்காதோ, அதுவரை காலை ஷிப்டு வரும் ஞாயிறுகளில் மாலை 7 மணிக்கு எங்கள் வீட்டிலேயே தமிழ் ஜெபக் கூட்டம் நடத்துகிறோம். சென்ற முறை மூன்று குடும்பங்கள் வந்திருந்தன. அவற்றுள் ஒன்று கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக் குடும்பம். ஷிப்டு வேலை பார்க்கும் நம்மவர் எவரும் வரலாம். பாய் இரண்டு புதிதாக வாங்கியிருக்கிறோம்.