பறந்தால் ஆறு மணி, ரயிலில் ஐந்து

அரக்கோணத்துக்காரர்களுக்கு விமானச் சத்தம் புதிதல்ல. ஊரை ஒட்டியே இருக்கிறது ஐஎன்எஸ் ராஜாளி கடற்படை விமான தளம். 1992 மார்ச்சில் இயங்கத் தொடங்கிய அந்தத் தளத்தின் ஓடுபாதை 4 கிலோமீட்டரைத் தாண்டும். சென்னை மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுபாதையே 3,658 மீட்டர்தான். ஆனாலும் பெங்களூருக்குப் பறக்க நினைக்கும் அரக்கோணத்துக்காரர் மீனம்பாக்கத்துக்குத்தான் வண்டி பிடித்தாக வேண்டும்.

வேடிக்கை அங்கேதான் தொடங்குகிறது. பெங்களூர் இருப்பது மேற்கே, விமான நிலையம் இருப்பது கிழக்கே. ஶ்ரீபெரும்புதூர் வழியாக மீனம்பாக்கம் போய்ச் சேர இரண்டு மணி நேரம். உள்நாட்டு விமானமானாலும் இரண்டு மணி நேரம் முன்னதாக வரச் சொல்கிறார்கள். பறப்பது ஒரு மணி நேரம். பெங்களூர் விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளியில் இறங்கினால் நகர மையமான மெஜஸ்டிக் போக இன்னும் 35 கிலோமீட்டர். நெரிசலில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. ஆக, ஆறு மணி நேரம். அதே ஊர்க்காரர் காலையில் பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் ஏறினால் சுமார் ஐந்து மணி நேரத்தில் பெங்களூர். வரைபடத்தில் மீனம்பாக்கத்தையும் தேவனஹள்ளியையும் நேர்கோட்டால் இணைத்துப் பாருங்கள்: கோடு அரக்கோணத்தை உரசிக்கொண்டுதான் போகும்!

அந்த நேர்கோட்டின் நீளம் சுமார் 270 கி.மீ. சென்னையிலிருந்து பெங்களூருக்கு ரயில் ஓடுவதோ சுமார் 360 கி.மீ. பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ரயிலால் நேரே மலை ஏற முடியாது. காட்பாடி தாண்டித் தெற்கே ஜோலார்பேட்டைக்கு இறங்கி, வளைந்து, குப்பம் வழியாகத்தான் மேட்டைப் பிடிக்கிறது.

தூரம் ஒன்றுதான், ஆனால் அதைக் கடக்கும் நேரம் நாளுக்கு நாள் மாறும். திருத்தணி அரக்கோணத்திலிருந்து 13 கி.மீ. சாதாரண நாளில் மின்சார ரயிலில் கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிடும். ஆடிக் கிருத்திகையன்று காவடிக் கூட்டத்துக்கு நடுவே சாலையில் போகிறவர் கிலோமீட்டர் கணக்கை மறந்துவிடுவார்.

2015 டிசம்பரில் சென்னையே இந்தப் பாடத்தைப் படித்தது. அடையாற்று வெள்ளம் புகுந்து மீனம்பாக்கம் மூடப்பட்டபோது, பயணிகள் விமானங்கள் சில நாள் ராஜாளியிலிருந்து பறந்தன. சென்னைவாசிகள் சாலை வழியே அரக்கோணம் வந்து விமானம் ஏறினார்கள். ஐதராபாத்துக்குப் பறக்க ஒரு மணி நேரம். அந்த விமானத்தைப் பிடிக்க வெள்ளத்தில் வந்த நேரம் அதைவிட அதிகம். தண்ணீர் வடிந்ததும் ராஜாளி மறுபடி கடற்படைக்கு மட்டும் என்றானது.

ரயிலோ இந்த ஊருக்குப் பழைய உறவு. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா நோக்கி ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அரக்கோணத்தைக் கடந்துதான் போனது. பிறகு ரேணிகுண்டா பக்கமும் செங்கல்பட்டு பக்கமும் பாதைகள் பிரிந்து, ஊர் பெரிய சந்திப்பாக வளர்ந்தது. இப்போது 262 கி.மீ. நீளத்துக்குத் திட்டமிட்ட சென்னை–பெங்களூர் விரைவுச்சாலையும் இந்தப் பக்கமாகவே வருகிறது. அது முழுதாகத் திறந்த பிறகு மேலே சொன்ன கணக்கைப் புதிதாகப் போட வேண்டியிருக்கும். அதுவரை பெங்களூர் கிளம்பும் அரக்கோணத்துக்காரர் விமானக் கட்டணம் மலிவாக இருக்கிறதே என்று மயங்காமல், பிருந்தாவனில் ஜன்னலோர இருக்கைக்கு முன்பதிவு செய்வதே மேல்.