இயல்பும் சூழலும்

மாணவனொருவனின் தேர்ச்சி அறிக்கையில் ‘இயல்பிலேயே மந்தம்’ என்று நாம் எழுதியதுண்டு. விடியுமுன் மீன்சந்தையில் பெட்டி சுமந்துவிட்டே அவன் பாடசாலைக்கு வருகிறான் என்பதை ஒரு தவணை கழிந்த பின்னரே அறிந்தோம். வானியல் படிக்கும்போதெல்லாம் அந்த இரு சொற்களும் எம்மை உறுத்துகின்றன.

விண்மீன் பிறப்பதற்குக் குளிர்ந்த வாயு வேண்டும். எமது பால்வீதி ஆண்டுதோறும் ஏறக்குறைய 1 அல்லது 2 சூரியன்களின் நிறையளவு வாயுவை விண்மீன்களாக்குகிறது. ஆனால் கன்னி இராசியின் திசையிலே, 5 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால், ஆயிரத்துக்கு மேற்பட்ட விண்மீன் மண்டலங்கள் குழுமியிருக்கின்றன. அக்கூட்டத்தின் நடுவே முதிர்ந்து சிவந்த மண்டலங்களே மிகுதி. நீலவொளி வீசும் இளம் விண்மீன்கள் அரிது. அலன் டிரெஸ்லர் இத்தகைய 55 கூட்டங்களை ஆராய்ந்து, நெருக்கம் மிகுமிடத்தே சுருள் மண்டலங்கள் அருகுவதை 1980இல் காட்டினார்.

காரணம் யாது? கூட்டத்தின் இடைவெளியெங்கும் கோடிக்கணக்கான பாகை வெப்பமுடைய ஐதான வாயு பரவியுள்ளது. அதனூடே விரையும் மண்டலத்தின் வாயுவை அது உரித்தெடுத்துவிடும். இதனை ஜேம்ஸ் கன், றிச்சட் கொட் ஆகிய இருவரும் 1972இல் விளக்கினர். மற்றொரு வழி மெதுவானது. புறத்தேயிருந்து வந்துசேரும் புதுவாயு தடைப்பட, மண்டலம் கையிருப்பைச் செலவிட்டு மெல்ல ஓய்ந்துவிடும். 1980இல் இக்கருத்தை முன்வைத்த மூவருள் ஒருவர் பியற்றிஸ் ரின்ஸ்லி. கணவர் பணியாற்றிய டல்லஸ் நகரில் அவரது ஆற்றலுக்கேற்ற நிரந்தரப் பதவி கிட்டவில்லை. 1974இல் குடும்பத்தைப் பிரிந்தார். 1978இல் யேல் பல்கலைக்கழகத்திலே பேராசிரியரானார். 1981இல், தமது 40ஆவது வயதில், புற்றுநோயால் மறைந்தார்.

மண்டலம் மனிதனல்ல. வானத்து விதியை வாழ்க்கைமீது அப்படியே போர்த்துதல் அறிவியலாகாது. சூழல் மட்டுமே யாவும் என்பதும் பிழை. மண்டலத்தின் சொந்த நிறையும் அதன் சுற்றுப்புறமும் தனித்தனியே விண்மீன் பிறப்பை நிறுத்தவல்லன என்பதை 2010இல் வெளியான ஆய்வொன்று எடுத்துக்காட்டிற்று.

எனினும், ஓய்ந்த மண்டலத்தைக் காணும் வானியலாளர் ‘இதன் இயல்பே இப்படி’ என்று ஏட்டை மூடிவிடுவதில்லை. வாயு எங்கே போயிற்று, வரவு எங்கே அடைபட்டது என்று தேடுகிறார். அந்த நிதானம் ஆசிரியர்க்கும் வேண்டும். மண்டலத்தால் தன் சூழலைத் திருத்திக்கொள்ள இயலாது. மனிதரால் இயலும். அதனாலேதான் எம் பொறுப்பும் வானியலாளரின் பொறுப்பினும் பெரிது.