சும்மா இருடா!

மலை ஓட்டத்துக்கு ரெண்டு வாரம் முன்னாடி செய்ய வேண்டிய கஷ்டமான பயிற்சி எது தெரியுமா ஃப்ரெண்ட்ஸ்? சும்மா இருக்கிறது! சிரிக்காதீங்க. அது தெரியாமதான் போன வருஷம் என் ரூம்மேட்டோட ரேஸையும் சேர்த்துக் கெடுத்தேன்.

நாங்க படிச்சது சேலத்துல. ஏற்காடு ரோட்டோட 20 கொண்டை ஊசி வளைவுதான் எங்க கிரவுண்டு. ஞாயிறு விடிகாலை, குரங்குங்கதான் ஆடியன்ஸ். ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். தொடையைக் காலி பண்றது இறக்கம். ஒவ்வொரு அடிக்கும் தொடைத் தசை பிரேக் போடணும். சுருங்கப் பார்க்கும்போதே இழுபடும். உள்ளே பொடிப்பொடியா சேதமாகும். வலி அன்னைக்கே தெரியாது, ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சுத்தான் உச்சத்துக்கு வரும். ஆனா ஒரு தடவை அடிபட்ட தசை அடுத்த தடவை அவ்வளவு சேதப்படாது. சில வாரம் அந்தப் பலம் நிக்கும். அதனால கடைசிப் பெரிய இறக்கத்தை ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே முடிச்சுடணும்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் பயம். இத்தனை நாள் ஓய்வெடுத்தா உடம்பு துருப்பிடிச்சுடாதா? ஞாயிறு ரேஸ். வெள்ளிக்கிழமை கிளாஸைக் கட் அடிச்சு, அவன்கிட்ட சொல்லாம பஸ்ல மேலே போய், 20 வளைவையும் ஓடியே இறங்கினேன்.

நீலகிரியில 30 கிலோமீட்டர். தேயிலைத் தோட்டத்து முதல் பெரிய இறக்கத்துலயே தொடை பூட்டிக்கிச்சு. “நீ போடா”ன்னேன். “மூடிட்டு நட”ன்னான். 23-வது கிலோமீட்டர் செக்பாயின்ட்டுக்கு நாலு நிமிஷம் லேட். ரெண்டு பேரும் அவுட். ஃபைனல் இயர்ல இருந்த அவனுக்கு அதுதான் காலேஜ்ல கடைசி ரேஸ். திரும்பி வரும்போது மேட்டுப்பாளையத்துல உண்மையைச் சொன்னேன். பவானி வரைக்கும் அவன் பேசவே இல்லை.

இந்த வருஷம் சென்னையில வேலைக்குச் சேர்ந்தவன், லீவு போட்டு வர்றேன்னான். ஒரே கண்டிஷன்: ரெண்டு வாரமும் தினம் ராத்திரி போன்ல கணக்குச் சொல்லணும்!

வாரம் 60 கிலோமீட்டரை 35 ஆக்கினேன், அப்புறம் 20. ஓடுற நாட்களைக் குறைக்கல, நடுவுல வர்ற வேகமான ஓட்டத்தையும் விடல. தூரம் மட்டும் கட். 2007-ல வெளியான ஒரு ஆய்வுத் தொகுப்பும் இதைத்தான் சொல்லுது: ரெண்டு வாரம், அளவுல பாதி, வேகம் அப்படியே.

சொல்றது ஈஸி. நாலாவது நாளே இல்லாத கணுக்கால் வலி வந்துச்சு. வெயிட் ஒரு கிலோ ஏறிடுச்சு! தசை சர்க்கரையைச் சேமிக்கும்போது கூடவே தண்ணியையும் பிடிச்சு வைக்கும், அது நல்லதுதான்னு படிச்சேன். படிச்சா மட்டும் மனசு கேக்குமா? வெள்ளிக்கிழமை காலையில ஏற்காடு பஸ் என் எதிர்ல வந்து நின்னுச்சு. சத்தியமா ஏறல. ரூமுக்குப் போய் பெட்ஷீட் எல்லாம் துவைச்சுப் போட்டேன்.

ஞாயிறு அதே இறக்கம். என் தொடை சமத்தா இருந்துச்சு. திணறினது அவன்தான். பாவம், சென்னையில பரங்கிமலையை விட்டா மேடு ஏது? 23-வது கிலோமீட்டர்ல ஒன்பது நிமிஷம்தான் கையில இருந்துச்சு.

“நீ போடா”ன்னான்.

“மூடிட்டு நட”ன்னேன்.