நான்கு வளைவுகளுக்கு நடுவே ஒரு நீரூற்று

குல்ஸார் ஹௌஸ் என்ற பெயரை முதன்முதலாகக் கேட்கும் தமிழர்கள் அதை ஒரு வீடு என்றே நினைத்துக்கொள்கிறார்கள். "அந்த ஹவுஸில் எந்த நவாப் இருந்தார்?" என்று என்னிடம் கேட்ட சென்னை நண்பர்கள் பலர். யாரும் இருக்கவில்லை. உருதுவில் ஹௌஸ் என்றால் நீர்த்தொட்டி. குல்ஸார் என்றால் பூந்தோட்டம். சார்மினாரிலிருந்து வடக்கே பத்தர்கட்டியை நோக்கி நடந்தால் சில நிமிடங்களில் அந்தத் தொட்டி வந்துவிடும். நடுவில் ஒரு நீரூற்று. அதைச் சுற்றி ஆட்டோக்கள், ஸ்கூட்டர்கள், வளையல் வாங்க வந்த கூட்டம், நகைக்கடைகளின் பெயர்ப்பலகைகள். பார்த்தவுடன் போக்குவரத்துக்காகக் கட்டிய ரவுண்டானா என்றுதான் தோன்றும்.

உண்மையில் போக்குவரத்துதான் பிறகு வந்தது. 1591-இல் முகம்மது குலி குதுப் ஷா ஹைதராபாத் நகரை நிறுவியபோது, சார்மினாருக்கு அடுத்தபடியாக எழுந்தவை நான்கு பெரிய வளைவுகள். சார் கமான் என்று பெயர். வடக்கே மச்லி கமான், தெற்கே சார்மினார் கமான், கிழக்கே காலி கமான், மேற்கே அரண்மனைக்கு வழிவிட்ட வளைவு. நான்கிலிருந்தும் சமதூரத்தில், நட்ட நடுவில், தண்ணீர். 'சார்சூ கா ஹௌஸ்' என்பது அதன் பழைய பெயர்: நாற்றிசைத் தொட்டி. நகரத்தைத் திட்டமிட்டவர் என்று சொல்லப்படும் மீர் மோமின் ஈரானின் அஸ்தராபாத்திலிருந்து வந்தவர். நான்கு பாதைகள் சந்திக்கும் இடத்தில் நீரை வைப்பது பாரசீகத் தோட்டக் கலையின் அடிப்படைப் பாடம். இஸ்பஹானின் புகழ்பெற்ற சதுக்கத்தின் வேலை 1598-இல்தான் தொடங்கியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஹைதராபாத்காரர்கள் இதைச் சொல்லத் தவறுவதே இல்லை.

பல ஆண்டுகளாக நான் பொது நீரூற்றுகளைப் படம் எடுத்து வருகிறேன். மொழிபெயர்ப்புக் கருத்தரங்கு என்று எந்த ஊருக்குப் போனாலும், மதிய உணவு இடைவேளையில் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். கோட்டை, கோயில் எல்லாம் எப்போது போனாலும் அப்படியே இருக்கும். நீரூற்று அப்படி இல்லை. அது இன்று ஓடுகிறதா என்பது, அந்த ஊரில் தண்ணீர் எப்படி இருக்கிறது, அதைக் கவனிக்க ஆள் இருக்கிறாரா என்ற இரண்டு கேள்விகளுக்கும் சேர்த்துப் பதில். குல்ஸார் ஹௌஸை மட்டும் பலமுறை எடுத்திருக்கிறேன். அவற்றை வரிசையாகப் பரப்பிப் பார்த்தால் ஒரு மருத்துவக் குறிப்பேடு போல இருக்கிறது. ஒன்றில் தண்ணீர் ஆளுயரத்துக்கு எழும்புகிறது. அடுத்ததில் தொட்டியின் அடியில் பச்சைப் பாசி. இன்னொன்றில் வறண்ட தொட்டியில் பிளாஸ்டிக் தம்ளர்களும் ஒரு செருப்பும்.

அப்படி வறண்ட ஒரு நாளில் நான் கேமராவை நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்த முத்துக்கடைக்காரப் பெரியவர், "பானீச் நஹீ, போட்டோ காய்கூ மியா?" என்று கேட்டார். தண்ணீரே இல்லை, போட்டோ எதற்கு? தண்ணீர் இல்லாததைத்தான் எடுக்கிறேன் என்றதும் சிரித்துவிட்டு, உள்ளே அழைத்து டீ வாங்கிக் கொடுத்தார். ஹைதராபாத்தின் தக்கினி உருது தமிழ்க் காதுக்குச் சட்டென்று பழகிவிடும். 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ', 'ஆமாம்' என்பதற்கு 'ஹௌ'. டீயை நான் நக்கோ என்று சொல்லவில்லை.

தண்ணீரைப் படம் எடுப்பதில் இரண்டு கட்சிகள் உண்டு. கேமராவின் ஷட்டரை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும் திறந்தால் ஒவ்வொரு துளியும் அந்தரத்தில் உறைந்து நிற்கும். எட்டில் ஒரு பங்கு திறந்தால் துளிகள் ஒன்றோடொன்று கலந்து, வெள்ளைப் பட்டுத்துணியைத் தொங்கவிட்டது போல ஆகிவிடும். காலண்டர்காரர்களுக்குப் பட்டுத்துணிதான் பிடிக்கும். பத்தர்கட்டியின் முத்துக்கடைகளுக்குப் பக்கத்தில் நின்று எடுக்கும்போது எனக்கு முதல் கட்சியே சரி என்று படுகிறது. சூரியன் நீருக்குப் பின்னால் இருக்க வேண்டும். அப்போதுதான் துளி மின்னும். வெயில் நேராக நம் முதுகுக்குப் பின்னால் இருந்தால் தண்ணீர் சாம்பல் பூசியது போல மங்கிவிடும்.

ஹைதராபாத்தைப் படங்களில் பதிவு செய்தவர்களில் முதல் பெயர் ராஜா தீன் தயாள் (1844–1905). ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கானின் அரசவைப் புகைப்படக்காரர். அவருடைய கண்ணாடி நெகடிவ்களில் 2,857-ஐ டெல்லியில் உள்ள இந்திரா காந்தி தேசிய கலை மையம் 1989-இல் வாங்கியது. அந்தக் காலத்துத் தகடுகளில் ஓடும் நீர் பெரும்பாலும் புகையாகத்தான் பதிந்தது. கட்டடங்கள் கல்லில் செதுக்கியது போல நிற்க, நீர் இருந்த இடத்தில் ஒரு வெண்மூட்டம். பட்டுத்துணிக் கட்சியினர் இன்று சிரமப்பட்டுச் செய்வது அன்று தானாகவே நடந்தது.

ஆனால் குல்ஸார் ஹௌஸைப் புரிந்துகொள்ள உதவுவது அந்தப் படங்களைவிடப் பழைய ஒரு பயணக் குறிப்பு. 1660-களில் கோல்கொண்டா நாட்டுக்கு வந்த பிரெஞ்சுப் பயணி ழான் தெவனோ, சார்மினாரைப் பற்றி எழுதும்போது ஒரு செய்தியைச் சொல்கிறார்: அதன் மாடங்கள் தண்ணீரை மேலே ஏற்றுவதற்குப் பயன்பட்டன, அங்கிருந்து அரண்மனையின் உச்சி அறைகள் வரை நீர் போனது. அதாவது, இன்று பிஸ்கட் பாக்கெட்டில் நாம் பார்க்கும் அந்த அழகுக் கோபுரத்துக்கு, மேல்நிலைத் தொட்டியின் வேலையும் இருந்தது! (அதைச் சுற்றி மொய்த்த கூரைவேய்ந்த பழக்கடைகள் கட்டடத்தின் தோற்றத்தைக் கெடுக்கின்றன என்றும் தெவனோ குறைப்பட்டுக்கொள்கிறார். முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் குறை தீரவில்லை.)

இதில் மந்திரம் ஏதும் இல்லை. மூடிய குழாயில் வரும் நீர், தான் புறப்பட்ட உயரத்தை எட்டப் பார்க்கும். மேட்டில் ஏரி, நடுவில் சுடுமண் குழாய், பள்ளத்தில் ஒரு சிறு துவாரம் – நீரூற்று தயார். மின்சாரம் வேண்டாம், மோட்டார் வேண்டாம். கோல்கொண்டா கோட்டைக்குத் துர்கம் செருவிலிருந்து நீர் வந்தது. கோட்டைக்குள் மேலும் மேலும் ஏற்றப் பாரசீகச் சக்கரங்களும் சுடுமண் குழாய்களும் இருந்தன. உடைந்த குழாய்களைக் கோட்டைச் சுவர்களில் இன்றும் பார்க்கலாம். துர்கம் செரு இப்போது கம்பிவடப் பாலத்துக்குப் பெயர் போனது. 2020-இல் திறந்த அந்தப் பாலத்தின் வண்ண விளக்குகளைப் படம் எடுக்க மாலையில் கூட்டம் நெரிகிறது. இந்த நீரைத்தான் ஒரு காலத்தில் கோட்டை குடித்தது என்று சொன்னால் நம்பாமல் பார்க்கிறார்கள்.

தமிழ் படித்தவனுக்கு இந்த இடத்தில் மணிமேகலை நினைவுக்கு வராமல் இருக்காது. புகார் அரசனின் சோலையை வர்ணிக்கும்போது சாத்தனார் எந்திரக் கிணற்றைச் சொல்கிறார், செயற்கைக் குன்றையும் அதிலிருந்து விழும் அருவியையும் சொல்கிறார். ஆனால் அது அரசனின் சோலை. தமிழ்நாட்டுத் தெருவில் பொதுவாக இருந்த நீர், கோயில் தெப்பக்குளமும் தண்ணீர்ப் பந்தலும்தான். சென்னையில் பொது நீரூற்று தேடியபோது எனக்குக் கிடைத்தது, விக்டோரியா பப்ளிக் ஹால் வளாகத்தில், கவர்னர் சார்லஸ் டிரெவல்யன் நினைவாக வைத்த ஒன்று. ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

மும்பையின் ஃபுளோரா ஃபவுண்டன் கதை வேறு. 1864-ஆம் ஆண்டைச் சேர்ந்தது; ரோமானியரின் மலர்த் தேவதை உச்சியில் நிற்கிறாள். 1960-இல் அந்தச் சதுக்கத்துக்கு, மகாராஷ்டிர மாநிலம் கேட்டு உயிர்விட்ட 105 பேர் நினைவாக ஹுதாத்மா சௌக் என்று பெயர் வைத்தார்கள். ஆனாலும் பஸ் கண்டக்டர்கள் உள்பட எல்லாருக்கும் அது இன்னும் ஃபவுண்டன்தான். பல ஆண்டுகள் வறண்டு கிடந்தபோதும் அப்படியே அழைத்தார்கள். நீண்ட பழுதுபார்ப்புக்குப் பிறகு 2019 ஜனவரியில் தண்ணீர் மீண்டும் வந்தது. அதன் பிறகு நான் போனபோது கூட்டத்தில் ஒரு மாற்றத்தைக் கவனித்தேன். முன்பு அதைச் சுற்றிக்கொண்டு போனவர்கள் இப்போது கொஞ்சம் நின்று போகிறார்கள். குழந்தைகளோடு வருபவர்கள் நிச்சயம் நிற்கிறார்கள்.

ஹைதராபாத்தில் அப்படி நிற்க இடம் கொடுப்பது சௌமஹல்லா அரண்மனை. 2005-இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். தர்பார் மண்டபத்துக்கு முன்னால் நீண்ட தடாகம், வரிசையாக நீர்த்தாரைகள். இங்கே படம் எடுப்பவருக்கு ஒரு தர்மசங்கடம்: நீரூற்று ஓடினால் தடாகத்தில் அரண்மனையின் பிம்பம் உடைந்துபோகும், நின்றால் பிம்பம் கண்ணாடி போலத் தெளியும். அதனால் தண்ணீரை எப்போது நிறுத்துவார்கள் என்று காவலாளியைக் கேட்பவர்களும் உண்டு. டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்க்கும் நீர் இது, அழகாகவே வைத்திருக்கிறார்கள்.

ஹுசைன் சாகரில் இருப்பதோ எல்லாருக்கும் இலவசம். 2023-இல், ஃபார்முலா-ஈ கார் பந்தயத்தை ஒட்டி, ஏரியின் மேல் 180 மீட்டர் நீளத்துக்கு மிதக்கும் இசை நீரூற்றை அமைத்தார்கள். சினிமாப் பாட்டுக்குத் தண்ணீர் ஆடுகிறது. சிவப்பு, நீலம், பச்சை என்று ஒளி மாறுகிறது. படம் எடுப்பது சுலபம், நல்ல படம் எடுப்பது கடினம். விளக்குகளின் நிறம் தண்ணீரைத் தின்றுவிடுகிறது. சாரல் முகத்தில் படும்படி காற்று திரும்பினால் கூட்டம் முதலில் கூச்சலிட்டுச் சிரிக்கிறது; அடுத்த நொடி மூக்கைப் பொத்துகிறது. 16-ஆம் நூற்றாண்டில் இப்ராஹிம் குலி குதுப் ஷா காலத்தில் வெட்டிய இந்த ஏரி ஒரு காலத்தில் நகரத்துக்குக் குடிநீர் தந்தது. இன்று அதில் கை நனைக்க யாரும் தயாரில்லை. தொழில்நுட்பத்தில் குறையே இல்லை. பீச்சுவதற்கு நல்ல தண்ணீர்தான் இல்லை. குல்ஸார் ஹௌஸின் சிறு தாரைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு உயரத்தில் இல்லை. அங்கே குடிநீர் வரும் வழியில் அழகையும் சேர்த்துக்கொண்டார்கள். இங்கே அழகு மட்டும்.

நாட்டின் பிற பகுதிகளில் பலர் குல்ஸார் ஹௌஸ் என்ற பெயரை முதன்முதலாகக் கேட்டது 2025 மே 18 அன்று. அந்த ஞாயிறு காலை அங்குள்ள பழைய கட்டடம் ஒன்றில் நேர்ந்த தீ விபத்தில் குழந்தைகள் உட்பட 17 பேர் இறந்தார்கள். உள்ளே போகவும் வெளியே வரவும் ஒரே குறுகிய வழி என்றன செய்திகள். நானூறு ஆண்டுகளுக்கு முன் நான்கு வளைவுகளுக்கு நடுவே அகன்ற வெளியாகத் திட்டமிட்ட இடம் அது. அதன்பின் நீண்ட நாள் அங்கே கேமராவைக் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை.

இப்போது மீண்டும் போகிறேன். அந்த இடத்தைப் பார்க்கச் சரியான நேரம் கடைகள் திறப்பதற்கு முந்தைய அதிகாலை. மச்லி கமானின் கீழே தெற்கு நோக்கி நிற்க வேண்டும். முதலில் நீரூற்று, அதன் பின்னால் சார்மினார் கமான், அதற்கும் பின்னால் சார்மினார் என்று மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும். காலி கமான் பக்கத்திலிருந்து வெயில் சாய்வாக உள்ளே விழும்போது, தண்ணீர் ஓடுகிற நாளாக இருந்தால், தொட்டியின் விளிம்பில் புறாக்கள் வரிசையாக இறங்கிக் குடிக்கும். ஷட்டர், ஆயிரத்தில் ஒரு பங்கு. பால்கார ஸ்கூட்டர்கள் குறுக்கே வருவதைத் தவிர்க்க முடியாது.