நிழல் வேறு, மறைவு வேறு

ஹவுராவின் ஷிப்பூரில் ஒரு வாடகை வீடு. மாடி பால்கனியில் இரண்டு கொடிகள். முன் கொடியில் சட்டை, புடவை, போர்வை. பின் கொடியில் ஒரு பழைய வாயில் சேலை. அதன் அடியில், யார் கண்ணிலும் படாமல், வீட்டுப் பெண்களின் உள்ளாடைகள். 1994-ல் ஈரோட்டிலிருந்து மருமகளாக வந்தவருக்குச் சொல்லப்பட்ட முதல் விதி இதுதான். "ஆம்பளைங்க நடமாடற இடம்மா. மூடிப் போடு" என்றார் மாமியார்.

பிறந்த வீட்டிலும் இதே வழக்கம்தான். ஆனால் ஈரோட்டு வெயிலுக்கு, மூடிப் போட்டாலும் துணி இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும். ஹூக்ளிக் கரையில் அது நடக்காது. ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றிலேயே ஈரம். இரண்டு நாள் கழித்து எடுத்தாலும் எலாஸ்டிக் பட்டை சில்லென்றிருக்கும். ஓரங்களில் கரும்புள்ளிகள் விழும்.

தண்ணீரும் சோதித்தது. குழாய்க் கிணற்று நீரில் இரும்பு அதிகம். மங்களா ஹாட் சந்தையில் ஆசையாக வாங்கிய வெள்ளை உள்ளாடைகள் சில மாதங்களில் பழுப்பேறின. பிளீச்சிங் பவுடரில் ஊறவைத்தார். பழுப்பு இன்னும் அழுத்தமானது, எலாஸ்டிக்கும் தொய்ந்தது. காரணம் பின்னாளில்தான் புரிந்தது. குளோரின், நீரிலுள்ள இரும்பைத் துருவாக்கித் துணியில் படியவைக்கிறது. உள்ளாடைக்கு இழுவை தரும் ஸ்பான்டெக்ஸ் இழையையும் அது அரிக்கிறது. 1958-ல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கிய இழை அது. வெந்நீரும் அதற்கு ஆகாது.

பல ஜோடிகள் வீணான பிறகு அவருக்கு ஒரு முறை பிடிபட்டது. கொக்கியை மாட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் லேஸைக் கிழிக்கும். வாளியில் நகராட்சிக் குழாயின் குளிர்ந்த நீர். அதில் காரம் குறைந்த திரவ சோப்பு சில துளிகள், அல்லது வங்காளிகள் ரீட்டா என்று சொல்லும் பூந்திக்கொட்டையின் சாறு. பட்டு, புரத இழை. காரச் சோப்பு அதைச் சிதைக்கும். பத்து நிமிடம் ஊறினால் போதும். கல்லும் வேண்டாம், பிரஷும் வேண்டாம். விரல்களால் அமுக்கினாலே அழுக்கு விடும். இரண்டு முறை அலசி, முறுக்காமல், உலர்ந்த துண்டில் சுருட்டி அழுத்தினால் பாதி ஈரம் போய்விடும். தோள்பட்டையைப் பிடித்துத் தொங்கவிட்டால் நீரின் கனத்தில் பட்டை நீளும். நடுப்பகுதியைக் கொடியில் மடித்துப் போடுவதே நல்லது.

துவைப்பதில் தேர்ந்துவிட்டார். உலர்த்துவதில் மட்டும் பழைய விதி தொடர்ந்தது.

2009 மழைக்காலத்தில் பதின்மூன்று வயது மகளுக்குத் தொடையிடுக்கில் அரிப்பு. வெட்கத்தில் பல வாரம் சொல்லாமல் இருந்துவிட்டாள். காளான் தொற்று என்றார் பெண் டாக்டர். மருந்துச் சீட்டை எழுதும் முன் ஒன்று கேட்டார்: "உள்ளாடையை எங்கே காயப்போடறீங்க?"

தாய் பதில் சொல்லத் தயங்கினார். மெல்லிய துணிக்கு நிழல் வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். கடும் வெயில் சாயத்தையும் எலாஸ்டிக்கையும் கெடுத்துவிடும். ஆனால் சேலைக்கு அடியில் கிடைத்தது நிழல் அல்ல, மறைவு. நிழலில் காற்று உண்டு. மறைவில் ஈரம் மட்டுமே உண்டு. வெட்கத்துக்காக வைத்த விதி, மகளின் உடம்பில் புண்ணாகியிருந்தது.

வீடு திரும்பியதும் வாயில் சேலையை எடுத்து மடித்து வைத்தார். கொடி, காற்று வரும் ஜன்னலோரத்துக்கு மாறியது. மழை நாளில் மேலே மின்விசிறி சுழன்றது. மாமியார் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

மூன்றாம் நாள், அவருடைய வெள்ளை 'பாடி'யும் அதே கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.